வாடிவீட்டு வாசலில் பாலன் குடில்

எங்கள் வீட்டில் கவலைப்படுவதற்கென்று யாரையும் புதிதாக நியமிக்கத் தேவை இருக்கவில்லை. அம்மா அதை முழுநேர வேலையாகச் செய்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு பகுதிநேரமாகச் செய்தேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் அந்த வழக்கம் கிடையாது. நாங்கள் கவலைப்படுவதற்கான காரியங்களைத் தட்டுப்பாடில்லாமல் செய்து தருவதே அவர்களுடைய பங்கு. ஆகவே எனக்கு ஒன்பது வயதான அந்த மார்கழியில் அப்பாவின் முகத்திலேயே கவலையைக் கண்டபோது, ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்று நான் முடிவு செய்ததில் பிழையில்லை.

அப்போது நாங்கள் ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தோம். லண்டனிலிருந்து மேற்கே போன குதிரை வண்டிகள் நின்று குதிரை மாற்றிய விடுதி அது. பக்கத்தில் வண்டி நுழையும் பெரிய வளைவு, பின்னால் லாயங்கள், முன்னால் தெருவைப் பார்த்தபடி பயணிகள் இறங்கி வரும் வாசல். கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆளப் போன துரைமார் பலர் இங்கே ஒருநேரச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் என்று கட்டடத்தின் சொந்தக்காரரான ஆங்கிலேயக் கிழவர் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா அந்த இடத்தை வாடிவீடு என்றுதான் அழைத்தார். வெள்ளைக்காரன் எங்கள் ஊர்களில் தான் தங்குவதற்குக் கட்டிய விடுதிகளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது.

“எங்கட நாட்டைப் பிடிக்கப் போனவங்கள் இஞ்சைதான் வயித்தை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறாங்கள். இனி எங்கட கொத்துரொட்டியையும் ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கட்டும்,” என்பார் அப்பா.

அவருடைய திட்டம் இதுதான். கீழே சாப்பாட்டுக்கடை, பின்னால் இருந்த பெரிய அறையில் பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு போன்ற கொண்டாட்டங்கள், மேலே விமான நிலையத்துக்கு வந்து போகிறவர்களுக்கு வாடகை அறைகள். இதற்காக அவர் விமான நிலையத்தில் பார்த்து வந்த வேலையை விட்டார். நாங்கள் இருந்த வாடகை வீட்டையும் விட்டு மேல்மாடிக்குக் குடிவந்தோம். வாடிவீடு கைவிட்டுப் போனால் தொழிலும் போகும், வீடும் போகும். அம்மா இதைச் சமையலுக்கு நடுவே அடிக்கடி எடுத்துச் சொன்னபடியால் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்தக் கட்டடம் அரசாங்கம் பாதுகாக்கிற கட்டடம். அதில் எதையும் மாற்றக்கூடாது. சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். அதனால் எங்கள் இயேசுவின் திருஇருதயப் படம் சுவரில் ஏற வழியில்லாமல் ஒரு கதிரையில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. அனுமதியில்லாமல் எதையாவது உடைத்தால், மூடினால், வழக்குப் போடுவார்கள் என்று கிழவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். வழக்கு என்றால் மறியல், சிறைக்கம்பி என்று நான் விளங்கிக்கொண்டேன். கவுன்சிலில் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான ஒரு அம்மா வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கடையைத் திறக்கலாம். அவர் இன்னும் வரவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் கடைசித் தம்பி. ஊரிலிருந்து வந்து இங்கே அகதியாக இருக்கவிடும்படி கேட்டிருந்தார். அந்தக் கேஸ் இழுபட்டுக்கொண்டே இருந்தது. முடிவு பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை என் முன்னால் யாரும் பேசுவதில்லை. பேசாமல் விட்டதிலிருந்தே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் மாமா ஓசைப்படாமல் மேலே போய்விடுவார். பொழுது போகாமல் அவர் பாட்டுப் பாடியபடி வாடிவீட்டைத் துடைத்தார், சுரண்டினார், மினுக்கினார். “துடை, தம்பி. துடைக்கிறது மட்டும் போதும்,” என்று அப்பா சொல்லி வைத்திருந்தார்.

திறப்பதற்கு முன் வீடு மந்திரிக்க வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்த பிறகு பங்குக் குருவான சுவாமி வந்து ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளிப்பதாகவும், பங்குச் சனம் எல்லாம் கூட வருவதாகவும் ஏற்பாடு. அதை நினைத்து மாமாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. முன்வாசல் கல், கதவைத் திறந்ததும் உள்ளே முதலில் கால் வைக்கிற கல். காலங்காலமாகக் கால் பட்டுத் தேய்ந்து அது நடுவில் பள்ளமாகிக் கிடந்தது. கதவு திறந்து கிடக்க மழை அடித்தால் ஒரு பூனை வந்து வயிறு நிறையக் குடிக்கும் அளவுக்கு அதில் தண்ணீர் நிற்கும். அதற்கு உள்ளே படிக்கட்டு வரையில் இருந்த கற்களும் அப்படித்தான், மேடும் பள்ளமுமாக. சுவாமியும் சனமும் மிதித்து வருகிற முதல் இடமே இப்படியா என்று அவர் முணுமுணுத்தபடி இருந்தார்.

ஒருநாள் அப்பாவும் அம்மாவும் கடைக்குத் தேவையான அரிசியும் சாமானும் வாங்கத் தூரப் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில். நான் திரும்பி வந்தபோது மாமா வளைவுக்குள் நின்று என் கண்களைப் பொத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கையை எடுத்தார்.

வாசலிலிருந்து படிக்கட்டு வரை சிவப்புச் சீமெந்து, சில மணித்தியாலத்தில் கல்லாக இறுகுகிற வகை. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. ஒரு போத்தலின் அடியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார். மேலே எரிந்த மின்குமிழ் அதில் முழுதாகத் தெரிந்தது. ஓரத்தில் கறுப்புக் கரை வேறு.

“எப்பிடி மருமோள், வடிவே?”

உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான ஒன்றை நான் அந்தக் கட்டடத்தில் அதுவரை பார்த்ததில்லை. மற்றதெல்லாம் கறுப்பும் சாய்வுமாக இருந்தது. இதுதான் நேராகவும் பளிச்சென்றும் இருந்தது. “நல்ல வடிவு மாமா,” என்றேன். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

அம்மா வந்து பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. “ஐயோ, எங்கட ஊர்வீட்டு விறாந்தை மாதிரியே இருக்குதடா,” என்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கவலைப்படுவதையே தொழிலாகக் கொண்ட அம்மாவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பதே ஒரு கணம் மறந்து போயிருந்தது. அதற்குள் பின்னால் அரிசி மூட்டையோடு அப்பா வந்தார். நின்றார். மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார்.

“என்ன தம்பி இது?”

“சுவாமி வாற வாசல் அத்தான். ஆக்கள் தடக்கி விழாமல்…”

அப்பா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன். அவர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். ஒரு மூலையில் மெல்லத் தட்டியதும் சீமெந்து ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பழைய கல்லிலும் ஒரு செதில் வந்தது. “தொடாதை! இனி ஒண்டையும் தொடாதை!” என்று அப்பா கத்திய கத்தலில் நான் படிக்கட்டில் இரண்டு படி ஏறிவிட்டேன்.

கவுன்சில் அம்மா அடுத்த வாரம் வியாழக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றார். பிறகு அவர் குத்தகையை ரத்து செய்துவிடுவார் என்றார். விரிப்பு ஒன்றை வாங்கிப் போடலாம் என்றார். பிறகு அந்த அம்மா முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார் என்றார். யார் செய்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய முள். மாமாவின் பெயர் எந்த வழியாகவும் எந்த அதிகாரியின் காதிலும் விழக்கூடாது. வழக்கென்று ஒன்று வந்து அதில் மாமாவும் அகப்பட்டால் அவருடைய கேஸ் என்னவாகும் என்று அம்மா கேட்டார். 

வழி கண்டுபிடித்ததும் அம்மாதான்.

“இஞ்சேருங்கோ, இப்ப திருவருகைக் காலம் எல்லே? வாசலிலை பாலன் குடில் கட்டுவம். ஆர் என்ன கேக்கப் போகினம்?”

நான் அப்போது புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, படித்துக்கொண்டிருந்தேன். பாவங்களை இனம் பிரித்துக் கற்றுத் தந்திருந்தார்கள். குற்றத்தை மறைப்பது ஒன்று, குழந்தை இயேசுவைக் கொண்டே மறைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என்ன தண்டனை என்று எங்கள் பாடத்தில் இல்லை. பாடத்திலேயே இல்லாத அளவுக்குப் பெரிய பாவம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் மாமா கட்டிய குடிலைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. முன்கதவை உட்பக்கமாகப் பூட்டி, அதன் அடியிலிருந்து படிக்கட்டு வரைக்கும் மலைத்தொடர் எழுப்பினார். வெற்றுச் சீமெந்துப் பைகளைக் கசக்கி மண்ணிறம் பூசிய மலைகள். சாப்பாடு வாங்கி வந்த தட்டுகளில் ஊறவைத்த பயறு தூவி முளைக்க வைத்த வயல்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், அதில் தாராக்கள். மாட்டுக்கொட்டில் நடுவில். பெத்லகேமின் சத்திரத்தையும் அவர் மட்டையில் செய்து வைத்தார். அதற்கும் எங்கள் வாடிவீட்டைப் போலவே வண்டி நுழையும் வளைவு இருந்தது. சத்திரத்தில் இடமில்லை என்று விரட்டப்பட்ட குடும்பத்தைக் கொண்டு நாங்கள் ஒரு சத்திரத்தின் வாசலை மறித்திருந்தோம். சிவப்பு ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை.

வியாழக்கிழமை அந்த அம்மா சைக்கிளில் வந்தார். நரைத்த குட்டை முடி, சேறு படிந்த சப்பாத்து, கழுத்தில் ஒரு டோர்ச். நான் முகத்தை வைத்து ஆட்களை எடைபோடுகிறவள். இவருடைய முகத்தில் பொல்லாத்தனம் ஒன்றையும் காணாதது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. மாமா ஏற்கனவே மேலே போய்விட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் அதிகாரிகளைக் கண்டால் மறந்துவிடும். எனவே வழமைபோல நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

வந்தவர் கூரையைத் தாங்கிய மரவளைகளைத் தடவினார். சாய்ந்த தரையில் ஒரு பேனையை வைத்து அது உருண்டோடுவதைப் பார்த்துச் சிரித்தார். நெளிந்த ஜன்னல் கண்ணாடிகளைப் பார்த்து யாரோ பழைய சிநேகிதரைக் கண்டதுபோல நின்றார். படம் ஏன் கதிரையில் இருக்கிறது என்று கேட்டு, காரணத்தைச் சொன்னதும் மனம் உருகிப்போனார். இவ்வளவு பொறுப்பாக இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களைத் தான் கண்டதில்லை என்று அப்பாவுக்குச் சொன்னார். அப்பாவின் முகம் வெளிறியது. கடைசியாக, தனக்கு இங்கே எல்லாவற்றிலும் பிடித்தது முன்வாசல் கல்தான் என்றும், அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சொல்லி முன்னால் நடந்தார்.

குடிலைக் கண்டு நின்றார். முழங்காலிட்டுப் பயறு வயல்களைப் பார்த்தார், தாராக்களைப் பார்த்தார். எப்போது இதைக் கலைப்பீர்கள் என்று கேட்டார்.

“தை ஆறிலை மூண்டு இராசாக்கள் திருநாள் முடிய எண்டு சொல்லு,” என்றார் அம்மா. சொன்னேன். அவசரமில்லை, அதற்குப் பிறகு வருகிறேன், அந்தக் கல்லைப் பார்க்காமல் மட்டும் என்னால் வேலையை முடிக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் போடவில்லை. எந்த முகத்தோடு போடுவது?

அந்த நத்தார் எங்களுக்கு நத்தாராக இருக்கவில்லை. சுவாமி வளைவு வழியாக வந்து வீட்டை மந்திரித்தார். குடிலின் முன் நின்று, லண்டனில் இப்படி ஒன்றைத் தான் பார்க்கவில்லை என்று பாராட்டித் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். பங்குச் சனம் படம் பிடித்தது. அப்பா எல்லாருக்கும் கேக்கும் வைனும் கொடுத்தார். மாமாவோடு மட்டும் கதைக்கவில்லை. சீமெந்து போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். ஒரே மேசையில் இருந்தாலும், “சோத்துக் கோப்பையை இஞ்சாலை தள்ளச் சொல்லு” என்று என்னிடம்தான் சொல்வார். மாமாவும் தலையைக் குனிந்தபடி தள்ளுவார். மாமா பாட்டை விட்டார். துடைப்பதையும் விட்டார். எதைத் தொட்டாலும் பிழையாகிவிடும் என்று பயந்தவர் போலக் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மறைக்கல்வி வகுப்பில் நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்: ஒருவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உள்ளதைச் சொல்லவும் இல்லை என்றால் அது பாவமா? ஆசிரியை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, யார் அந்த ஒருவர் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அது நிச்சயமாகப் பாவம் என்பது எனக்கே தெரிந்தது.

மூன்று இராசாக்கள் வந்து போனார்கள். அம்மா அசையவில்லை. தை மாசம் முழுதும் வைத்திருக்கலாம், பாலனைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாள் பெப்ரவரியாகிய மாசி இரண்டாம் தேதிதான் வருகிறது, அதுவரை வைத்திருப்பதுதான் பழைய முறை என்று கவுன்சிலுக்குச் சொல்லச் சொன்னார். தொலைபேசியில் நான்தான் சொன்னேன். அந்த அம்மா, அது எவ்வளவு அருமையான வழக்கம் என்று மகிழ்ந்தார். பயறு பழுத்துக் காய்ந்தது. மாமா திரும்பவும் முளைபோட்டார். “என்னக்கா, உங்கட வீட்டிலை பாலன் இன்னும் பிறந்தபடியே இருக்கிறாரோ?” என்று பூசைக்கு வந்த ஒரு பெண் கேட்டதற்கு அம்மா சிரித்து மழுப்பினார். கடை திறக்கவில்லை. அப்பா கையிருப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவில் பொலிஸ் வாகனம் ஒன்று மெதுவாகப் போனாலும் நான் ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

மாசி இரண்டாம் தேதியும் போனது. அதற்குப் பிறகு அம்மாவிடம் திருநாள் ஒன்றும் மிச்சமில்லை. “இனிச் சாம்பல் புதன்தான் வருது. தவக்காலத்திலை குடில் வைச்சிருக்கேலாது,” என்று அவரே சொன்னார்.

அந்த அம்மா ஒரு பின்னேரம் வந்தார். நல்ல குளிர். குடில் அப்படியே நிற்பதைக் கண்டு அவர் சிரித்தார். ஆனால் இம்முறை அதைப் பார்த்து முழங்காலிடவில்லை. கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு, அதற்குக் கீழே இருக்கிற கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டடத்தில் தூண், வளை, புகைபோக்கி எல்லாவற்றையும் யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள். அந்தப் பள்ளத்தை மட்டும் யாரும் செய்யவில்லையாம். வண்டியை விட்டு இறங்கிக் களைத்து வந்தவர்கள், குதிரைக்காரப் பெடியன்கள், தண்ணீர் சுமந்த வேலைக்காரிகள், தூர தேசம் போகிறவர்கள், திரும்பி வந்தவர்கள், எல்லாரும் அந்த இடத்தில் காலை வைத்ததால் அது வந்ததாம். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லையாம். அவர்கள் இங்கே வந்தார்கள் என்பதற்கு அந்தப் பள்ளம் ஒன்றுதான் இருக்கிறதாம்.

அப்பா இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். திடீரென்று குனிந்தார். முதலில் பாலனை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். மாதாவையும் சூசையப்பரையும் எடுத்துப் படியில் வைத்தார். ஆடுகளை என் கையில் தந்தார். பிறகு மலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். கசங்கிய காகிதம் சரசரத்தது. அம்மா வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்வது கேட்டது.

சிவப்பு வெளியே வந்தது. இரண்டு மாதம் இருட்டில் கிடந்தும் மினுக்கம் குறையவில்லை.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு தாழப் போனது. அது போய் முடியும்வரை எல்லாரும் அப்படியே நின்றோம். பிறகு அப்பா, இதைத் தானே செய்ததாகவும், பிழை தன்னுடையது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார்.

படிக்கட்டில் காலடி கேட்டது. மாமா இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“மேலை போ,” என்றார் அப்பா, திரும்பாமலே.

“இல்லை அத்தான். எனக்காக நீங்கள் மறியலுக்குப் போக வேண்டாம். மருமோள், இதை நான்தான் போட்டனான் எண்டு அவவிட்டைச் சொல்லு.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். கை நிறைய ஆடுகளோடு நின்ற எனக்கு எவரிடமிருந்தும் ஒரு சைகையும் கிடைக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். சொன்னேன்.  மாமாவை என் வாயாலேயே விமானத்தில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த அம்மா கையுறையைக் கழற்றினார். முழங்காலிட்டுச் சீமெந்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கச் சொன்னார்.

“ஆக்கள் வாற வாசல். எங்கட ஊரிலை வீட்டுக்கு வாற ஆக்கள் முதலிலை கால் வைக்கிற இடம் மினுங்க வேணும். அதுதான் மரியாதை. இஞ்சை மரியாதை வேறை மாதிரி எண்டு எனக்குத் தெரியேல்லை,” என்றார் மாமா.

நான் சொன்னதைக் கேட்டு அவர் அந்த மினுக்கத்தை இன்னொருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து அப்பாவிடம் பேசினார். இது பாரதூரமான காரியம்தான். இதை அகற்றத்தான் வேண்டும். தெரிந்த ஒரு கல்வேலைக்காரர் கையுளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். கல்லுக்குக் காயம் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நீங்களாகவே காட்டியபடியால் வழக்கு வேண்டாம் என்று தான் சொல்வதாகவும், வேலை முடிந்த பிறகு கடையைத் திறக்கலாம் என்றும் சொன்னார். அம்மா பாலனை இறுக்கி அணைத்தபடி விசும்பினார்.

போகிறவர் திரும்பவும் மாமாவைப் பார்த்தார். இந்த வேலையை எங்கே பழகினார் என்று கேட்டார்.

“எங்கட வீட்டு விறாந்தை. ஐயா போடேக்கை நான் கூட நிண்டு போத்தலாலை தேச்சனான்.”

அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

மாமா கைகளை மடக்கிக்கொண்டார். “தெரியாது.”

அம்மாவும் மாமாவும் பிறந்த வீடு இராணுவம் முள்ளுக்கம்பி அடித்து மூடிய ஊருக்குள் அகப்பட்டிருந்தது. ஒருநாள் காலையில் அடுப்பில் இருந்த கறிச்சட்டியை இறக்காமலே எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவரையும் உள்ளே விடவில்லை. கூரை இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களா என்று சொல்ல ஆளில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தன் வீடு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒருவரா என்று இந்த அம்மா நினைக்கப் போகிறாரே என்று இருந்தது. தெரியாதாம் என்றேன்.

அவர் கரிசனையோடு மாமாவின் தோளைத் தொட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கட்டாயம் அந்தத் தரையைப் போய்ப் பார்க்கச் சொல், படம் எடுத்து வரச் சொல், இப்படியானவற்றை யாரும் கவனிக்காமலே இல்லாமல் போகவிட்டுவிடுகிறோம் என்றார்.

ஊருக்குப் போ என்று ஒரு அதிகாரி மாமாவுக்குச் சொல்கிறார்.  ஒரு ஆடு கையிலிருந்து விழுந்து சீமெந்தில் உருண்டது.

“என்ன பிள்ளை சொல்றா? சொல்லு,” என்றார் மாமா.

“அடுத்த முறை ஊருக்குப் போகேக்கை… அந்த விறாந்தையைப் போய்ப் பாக்கட்டாம். கவனமா வைச்சிருக்கட்டாம்.”

மாமா அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “ஓம், போய்ப் பாக்கிறன் எண்டு சொல்லு.”

சொன்னேன். அவர் மகிழ்ந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வளைவு வழியாகப் போனார்.

நான் காத்திருந்தேன். இனி எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா பாயாசம் காய்ச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்; அங்கே கழுவுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. மாமா கடைசிப் படியில் உட்கார்ந்து சிவப்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். இரண்டு பாதங்களையும் சீமெந்தில் வைத்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்கிறாய் தம்பி,” என்றார். மார்கழிக்குப் பிறகு அவர் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அப்பா அவருடைய முதுகில் கையை வைத்தார்.

மறியல் இல்லை, வழக்கு இல்லை, மாமாவை யாரும் திருப்பி அனுப்பவில்லை, கடையும் திறக்கப் போகிறோம். பிறகும் ஏன் இந்தப் பெரிய மனிதர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விழுந்த ஆட்டைப் பொறுக்கிக்கொண்டு, மாசிக் குளிரில் வெறுங்காலோடு இருந்தால் தடிமன் பிடிக்கும், சப்பாத்தைப் போடுங்கோ என்று அப்பாவிடம் சொன்னேன்.